பிறர்க்குப் போர்வை தைப்பவள்

(கும்மிடிப்பூண்டி வட்டாரத்து மகளிர் சுய உதவிக் குழுவினர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



பனிக்காலத்தைப் பற்றியும் போர்வையைப் பற்றியும் கும்மிடிப்பூண்டியில் நின்று பேசுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். கிழக்கே கடலும் பழவேற்காட்டு ஏரியும் அமைந்த இப்பகுதியில் ஆண்டின் பெரும்பகுதி நாம் வெயிலைப் பற்றியே குறைப்பட்டுக்கொள்கின்றோம். நமக்கு அண்மையிலுள்ள சென்னையில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 13.9 டிகிரி செல்சியஸ் ஆகும். அந்த அளவும் 1895ஆம் ஆண்டு டிசம்பரிலும் 1905ஆம் ஆண்டு ஜனவரியிலுந்தான் பதிவாயிற்று. வடநாட்டார் இதனைக் கேட்டால், 'இதுவும் ஒரு குளிரா?' என்று நகைப்பர்.

ஆயினும் வானிலைத் துறையினர் நகைப்பதில்லை. சமவெளிகளில் வெப்பநிலை 10 டிகிரிக்குக் குறைந்து, வழக்கமான அளவைவிட 4.5 டிகிரி தாழ்ந்தால் அதனைக் குளிர் அலை என்று அவர்கள் அறிவிப்பர். கடலோர ஊர்களுக்கோ 15 டிகிரியே வரம்பு. கடற்கரையில் வாழ்பவனுடைய உடலும் உடையும் வீடும் வெப்பத்திற்கே பழகியவை என்பதை உணர்ந்து செய்த ஏற்பாடு அது. கூரையின் இடுக்கிலே வாடைக்காற்று நுழையும் குடிசையில், ஈரத்தரையின்மீது பாய் விரித்துப் படுக்கும் குழந்தைக்கு மார்கழி இரவு குளிராகத்தான் இருக்கிறது. உருக்காலையின் உலைக்கு அருகே இரவெல்லாம் வேலை செய்து, வியர்வை உலராமல், விடியற்பனியில் மிதிவண்டி ஏறி வீடு திரும்பும் தொழிலாளிக்கும் அது குளிரே.

குளிரைப் பற்றிப் பேசுகையில் பேகன் என்ற வள்ளலை நாம் மறப்பதில்லை. மயில் குளிரால் நடுங்குகின்றது என்று கருதித் தன் போர்வையை அதற்கு ஈந்தவன் என்று இரண்டாயிரம் ஆண்டுகளாக அவனைப் புகழ்ந்து வருகின்றோம். புகழ்வது தகும். ஆனால் அப்போர்வையை ஆக்கித் தந்த கை யாருடையது என்று நாம் கேட்டதில்லை. கொடுத்தவன் பெயர் நிலைத்தது. செய்தவர் பெயர் மறைந்தது. இன்று அந்த மறைந்த கையைப் பற்றியே உங்களிடம் பேச விரும்புகிறேன். பிறருக்குப் போர்வை தைப்பவள் தன் பனிக்காலத்தை எங்ஙனம் கழிக்கின்றாள்? அவளுடைய உழைப்புக்கு உரிய விலை அவளைச் சேர்கின்றதா? இவையே நம் கேள்விகள்.

முதலில் போர்வை என்ன செய்கின்றது என்பதைத் தெரிந்துகொள்வோம். போர்வை தானாக வெப்பத்தைத் தருவதில்லை. நம் உடலின் வெப்பம் வெளியே ஓடாமல் தடுப்பதே அதன் வேலை. துணியின் அடுக்குகளுக்கிடையே அசையாமல் தங்கி நிற்கும் காற்றே இதனைச் செய்கின்றது. காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஆகையால் ஒரு தடித்த துணியைவிட, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தைத்த மூன்று மெல்லிய துணிகள் மிகுந்த பயன் தரும். ஊசியும் நூலும் அந்த அடுக்குகள் நழுவாமல் காக்கின்றன. போர்வை நனைந்துவிட்டாலோ காற்று இருந்த இடத்தில் நீர் புகுந்துவிடும். அதன் பயன் போய்விடும்.

நம் நாட்டில் இத்தகைய போர்வைகள் இரு வகையாகச் செய்யப்படுகின்றன. ஒன்று, பஞ்சு திணித்துத் தைக்கும் ரஜாய். வில்லால் பஞ்சைக் கொட்டிப் பிரித்து மெத்தையும் தலையணையும் தைத்துக் கொடுக்கும் தொழிலாளரை நம் தெருக்களிலும் முன்னர் அடிக்கடி கண்டோம். வில்லின் நாண் எழுப்பும் ஓசையே அவர்கள் வருகையை அறிவிக்கும். மற்றொன்று, பஞ்சே இல்லாமல் பழம்புடவைகளையும் வேட்டிகளையும் அடுக்கி, நெருக்கமாக ஓட்டுத்தையல் போட்டுச் செய்யும் துணிப்போர்வை. ஆந்திர எல்லையை ஒட்டிய நம் ஊர்களில் தெலுங்கு பேசும் இல்லத்தார் இதனைப் 'பொந்த' என்பர். வங்கத்தில் இது காந்தா எனப்படும். கருநாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில், ஆப்பிரிக்க வழிவந்த சித்தி இனப் பெண்கள் தைப்பதைக் கவந்தி என்பர். பீகாரில் இதன் பெயர் சுஜனி.

பீகாரைப் பற்றி நாம் அறிந்துகொள்வதற்குத் தனிக் காரணம் ஒன்று உண்டு. நம் சிப்காட் தொழிற்பேட்டையிலுள்ள ஆலைகளில் பீகார், ஒடிசா, வங்கம் முதலிய மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர் பலர் வேலை செய்கின்றனர். அவர்கள் நம் கடைகளில் அரிசி வாங்குகின்றனர்; நம் ஊர்களில் வாடகைக்குக் குடியிருக்கின்றனர். அவர்களை இங்கே அனுப்பிவிட்டு, அங்கே ஊரில் தங்கியிருக்கும் தாயும் மனைவியும் எவ்வாறு வாழ்கின்றனர் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

பீகாரின் வடபகுதியில் முசாபர்பூர் மாவட்டம் உள்ளது. அங்குள்ள பூசுரா என்னும் சிற்றூர் சுஜனித் தையலுக்குப் பெயர்பெற்றது. கங்கைச் சமவெளியின் பனிக்காலம் நம்முடையதைப் போன்றதன்று. டிசம்பர் பிற்பகுதி தொடங்கி ஜனவரி முழுவதும் மூடுபனி கவிந்து, பல நாட்கள் நண்பகல் வரையில் கதிரவன் முகம் காட்டுவதில்லை. குளிர் மிகும்போது பள்ளிகளை மூடிவிடுகின்றனர். தக்க போர்வையும் வீடும் இல்லாத ஏழைகள் உயிரிழப்பதும் உண்டு.

அந்தக் குளிரில் தையற்காரியின் நாள் எப்படிக் கழியும்? விடியற்காலையில் ஊசியைத் தொட இயலாது, விரல்கள் மரத்திருக்கும். மரத்த விரலுக்கு ஊசி குத்தியதும் தெரியாது. அடுப்பு வேலையும் மாட்டு வேலையும் முடித்து, வெயில் தலைகாட்டும் நேரம் பார்த்து முற்றத்தில் பாய் விரிக்க வேண்டும். அந்த வெயிலும் சில மணி நேரமே நிற்கும். மாலையில் 'போர்ஸி' என்னும் மண் கணப்புச் சட்டியைச் சுற்றிக் குடும்பத்தார் அமர்வர். அங்கே அமர்ந்து துணியை விரித்துத் தைக்கவும் இயலாது. ஒரு பொறி பட்டால் பல நாள் உழைப்பும் சாம்பலாகும். எனவே போர்வை மிகுதியாக வேண்டப்படும் காலமே, தைப்பதற்கு மிகவும் கடினமான காலமாகவும் அமைகின்றது. இதுவே இத்தொழிலின் அடிப்படையான இடர்ப்பாடு.

சுஜனி முற்காலத்தில் விற்பனைக்காகத் தைக்கப்பட்டதன்று. பிறந்த குழந்தையைப் போர்த்துவதற்காக வீட்டுப் பெண்டிர் பழம்புடவைகளைச் சேர்த்துத் தைத்தனர். பலமுறை துவைத்து மென்மையான துணியே பச்சிளங் குழந்தையின் தோலுக்கு ஏற்றது என்பதை அவர்கள் அனுபவத்தால் அறிந்திருந்தனர். பின்னர் இவ்வழக்கம் மெல்ல மங்கியது. 1988ஆம் ஆண்டளவில், ஆதிதி என்ற தொண்டு நிறுவனத்தைத் தோற்றுவித்த விஜி ஸ்ரீனிவாசன் என்ற அம்மையாரின் முயற்சியால் பூசுராவில் இது மறுபடியும் உயிர்பெற்றது. அவ்வூரைச் சேர்ந்த நிர்மலா தேவி என்பவர் பெண்களை ஒன்றுசேர்த்து இத்தொழிலை வளர்த்தார். வீட்டு வாயிலைக் கடந்து வெளிவரும் வழக்கம் இல்லாத பெண்களும் வீட்டிலிருந்தே தைத்துத் தம் கையால் பொருளீட்டினர். அதோடு அமையாமல், வரதட்சணைக் கொடுமை, பெண்கல்வி, பெண் சிசுக்கொலை முதலியவற்றைப் பற்றித் தம் மனத்திலிருந்ததைப் போர்வையின்மீதே உருவங்களாகத் தைத்துக் காட்டினர். நாவால் சொல்ல இயலாததை ஊசியால் சொன்னார்கள். சுஜனி பின்னர்ப் புவிசார் குறியீடு பெற்றது. நிர்மலா தேவிக்கு 2025ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

மற்றொரு நாட்டிலும் இதையொத்த வரலாறு உண்டு. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், ஓர் ஆறு மூன்று பக்கமும் வளைந்தோடும் நிலப்பகுதியில் ஜீஸ் பெண்ட் என்ற ஊர் இருக்கின்றது. அடிமைகளாக இருந்த கறுப்பின மக்களின் வழித்தோன்றல்கள் அங்கே பருத்தி பயிரிட்டு வந்தனர். பருத்தி விலை வீழ்ந்த காலத்தில் வணிகர் ஒருவரிடம் கடன்பட்டனர். 1932ஆம் ஆண்டில் அவர் இறந்ததும், கடனுக்கு ஈடாக அவர்களுடைய கால்நடைகள், ஏர்க்கருவிகள், சேமித்து வைத்த தானியம் அனைத்தையும் வாரிச் சென்றனர். அந்தக் குளிர்காலத்தில் செஞ்சிலுவைச் சங்கம் தந்த உணவால் அவர்கள் உயிர் பிழைத்தனர். காற்றுப் புகும் மரவீடுகளில் அவர்களைக் காத்தவை, கிழிந்த வேலையுடைகளைச் சேர்த்துப் பெண்கள் தைத்த போர்வைகளே. 1942ஆம் ஆண்டில் மிசௌரி பெட்வே என்ற பெண்மணி, இறந்துபோன தம் கணவரின் வேலையுடைகளைக் கொண்டே ஒரு போர்வை தைத்தார். அது பின்னாளில் பெரிய கலைக்கூடங்களில் வைத்துப் போற்றப்பட்டது.

அப்பகுதிப் பெண்கள் 1966ஆம் ஆண்டில் 'விடுதலைத் தையற் குழு' என்று பொருள்படும் பெயரில் ஒரு கூட்டுறவு சங்கம் அமைத்தனர். நகரங்களில் போர்வைகளை ஏலமிட்டு நல்ல விலை பெற்றனர். சொந்தமாகத் தையற்கூடம் கட்டினர். 1972ஆம் ஆண்டில் சியர்ஸ் என்ற பெரிய வணிக நிறுவனத்திற்குத் தலையணை உறைகள் தைத்துக் கொடுக்க ஒப்பந்தம் செய்துகொண்டனர். அதனால் ஒழுங்காகக் கூலி கிடைத்தது. ஆனால் உறைகள் யாவும் ஒரே அச்சானவை. தம் மனம்போல் நிறம் சேர்த்துத் தைக்கும் உரிமை அவற்றில் இல்லை. நிலையான வருவாய் ஒரு கை, சொந்தக் கைத்திறன் மறு கை. ஒன்றை வளர்க்க மற்றொன்றை இழக்கலாகாது. ஒரே பெரிய வாங்குபவரை நம்பியிருப்பதும் நன்றன்று. அந்தச் சங்கம் ஏறத்தாழ அரை நூற்றாண்டு இயங்கியபின் 2012ஆம் ஆண்டில் கலைக்கப்பட்டது.

சகோதரிகளே, இனி நம் ஊருக்கு வருவோம். இத்தொழிலை மேற்கொள்ள விரும்பும் குழுவினர் முதலில் கணக்குப் போட வேண்டும். நம் பெண்கள் துணியின் விலையைக் கணக்கிடுவார்கள். நூலின் விலையையும் கணக்கிடுவார்கள். தம் நேரத்தின் விலையை மட்டும் கணக்கிடமாட்டார்கள். 'வீட்டில் சும்மா இருந்த நேரத்தில் தைத்தது' என்று சொல்லிவிடுவார்கள். சும்மா இருந்த நேரம் என்று ஒன்று எந்தப் பெண்ணுக்கு உண்டு?

ஓர் எடுத்துக்காட்டுப் பாருங்கள். 5 அடி அகலமும் 7 அடி நீளமும் உள்ள ஒரு போர்வை. நீளவாட்டில் ஓர் அங்குலத்திற்கு ஒரு வரிசையாகத் தைத்தால் 59 வரிசைகள் வரும். ஒவ்வொரு வரிசையும் 84 அங்குலம். அங்குலத்திற்கு 4 தையல் என்று கொண்டால் மொத்தம் 19,824 தையல்கள், ஏறத்தாழ இருபதாயிரம்! நிமிடத்திற்கு 12 தையல் வீதம் இடைவிடாமல் தைத்தாலும் 27½ மணி நேரம் ஆகும். நாள்தோறும் 4 மணி நேரம் ஒதுக்கினால் ஒரு வாரம். துணி துவைத்தல், வெட்டுதல், அடுக்குதல், விளிம்பு மடித்தல் ஆகியவற்றிற்கான நேரம் இதில் சேரவில்லை. வரிசைகளை அரை அங்குல இடைவெளியில் நெருக்கினால் நேரம் இரட்டிக்கும். இந்த ஏழு நாள் உழைப்பைத் துணிவிலையோடு நூறோ இருநூறோ கூட்டி விற்றுவிட்டால், வாங்கியவர் குளிர் காய்வார். தைத்தவளின் அடுப்புக் குளிர்ந்தே கிடக்கும்.

ஆகையால் ஒவ்வொரு போர்வையுடனும் ஒரு சிறு சீட்டை வைத்து, தைக்கத் தொடங்கிய நேரத்தையும் முடித்த நேரத்தையும் அன்றன்று குறித்து வாருங்கள். மாத இறுதியில் அதனைக் கூட்டிப் பார்த்தபின்னர் விலை வையுங்கள். மணிக்கு இவ்வளவு கூலி என்று குழுவே கூடித் தீர்மானித்து, அதற்குக் கீழே எவரும் விற்பதில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஒருவர் குறைத்து விற்றால் மற்ற அனைவருடைய கூலியும் குறையும்.

இரண்டாவதாக, நம் காலநிலைக்கு ஏற்ற பொருளைச் செய்ய வேண்டும். வடநாட்டு ரஜாயைப் பார்த்து அப்படியே தடித்த போர்வை தைத்தால் இங்கே பயன்படாது. நமக்கு ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. காற்றில் எப்போதும் ஈரம் இருக்கும். பஞ்சு திணித்த போர்வை ஈரத்தை இழுத்துக்கொண்டு, உலராமல், பூஞ்சணம் பிடித்து நாற்றமெடுக்கும். போடிநாயக்கனூர்ப் பக்கத்தில் மிகுதியாகக் கிடைக்கும் இலவம்பஞ்சு எளிதில் நீரை ஏற்காது என்பது உண்மை. முன்னர் உயிர்காப்பு மிதவைகளிலும் அதனை அடைத்தனர். ஆயினும் துவைத்தால் அது கட்டிதட்டிப் போகும். நமக்கு ஏற்றது பஞ்சில்லாத மூன்றடுக்குத் துணிப்போர்வையே. துவைக்கலாம், வெயில் வந்தால் விரைவில் உலர்த்தலாம், மடித்தால் ஒரு பையில் அடங்கும். வெள்ளத்திற்கும் புயலுக்கும் அஞ்சி முகாமுக்குச் செல்லும் குடும்பத்தார் கையோடு எடுத்துச் செல்லவும் இயலும்.

துணியைத் தேர்வதில் கவனம் வேண்டும். பருத்திப் புடவையும் வேட்டியுமே சிறந்தவை. இழுத்தால் நீளும் பனியன் துணியையும், நீளாத நெசவுத் துணியையும் ஒரே போர்வையில் சேர்த்தால் சுருக்கம் விழும். பழந்துணியைக் கொதிநீரில் இட்டுத் துவைத்து, நல்ல வெயிலில் உலர்த்திய பின்னரே வெட்ட வேண்டும். புதுத்துணியானால் கஞ்சி போகவும் சாயம் தெரியவும் ஒருமுறை நனைத்துப் பார்க்க வேண்டும். குழந்தைகளுக்குத் தைக்கும் போர்வையில் இந்த ஒழுங்கு சிறிதும் தவறலாகாது.

மூன்றாவது, காலம். ஆடிப்பட்டம் தேடி விதைக்கும் உழவரின் மக்கள் நாம். மார்கழியில் விற்க வேண்டியதை மார்கழியில் தைக்கத் தொடங்கினால், தைத்து முடிவதற்குள் தை பிறந்து மாசியும் வந்துவிடும். வெளிச்சமும் வெயிலும் உள்ள சித்திரை முதல் ஆவணிவரை தைத்து, மழைக்கு முன்னர் உலர்ந்த பெட்டியில் சேமித்து, கார்த்திகை முதல் விற்க வேண்டும். அப்படியானால் ஆறேழு மாதம் முதல் முடங்கிக் கிடக்குமே என்று கேட்பீர்கள். உண்மைதான். ஊர்க் கடன்காரரிடம் தையற்காரி அகப்படுவது அந்த இடைவெளியில்தான். ஜீஸ் பெண்ட் மக்களுக்குக் கடனால் நேர்ந்ததைச் சற்று முன்னர்க் கேட்டீர்கள். அதற்குத்தான் உங்கள் குழுச் சேமிப்பும் வங்கிக்கடனும் இருக்கின்றன. நம் மாநிலத்தில் மகளிர் மேம்பாட்டுக் கழகம் 1983ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. சுய உதவிக் குழு இயக்கம் 1989ஆம் ஆண்டில் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கியது. குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் ஏற்பாட்டை நபார்டு வங்கி 1992ஆம் ஆண்டில் தொடங்கியது. குழுக்கடனைக் கலியாணத்திற்கும் காதணி விழாவிற்கும் செலவிடாமல், துணி வாங்கவும், தைப்பவர்க்கு அவ்வப்போது முன்பணம் கொடுக்கவும் பயன்படுத்தினால், கூலிக்காகத் தைமாதம்வரை காத்திருக்கும் நிலை ஒழியும்.

நான்காவது, சந்தை. அது தொலைவில் இல்லை. தொழிற்பேட்டையைச் சுற்றிலும் தொழிலாளர் தங்குமிடங்கள் உள்ளன. ஊரைவிட்டு ஒரு பையோடு வந்த இளைஞனுக்கு, விலை நியாயமான, துவைக்கத்தக்க போர்வை பயன்படும். சென்னைக்குச் செல்லும் புறநகர் ரயில் நம் ஊரிலிருந்தே புறப்படுகின்றது. அங்கே கைவினைப் பொருளை மதித்து நல்ல விலை கொடுப்போர் உளர். இங்கே எளிய போர்வை, அங்கே வேலைப்பாடு மிக்க போர்வை என்று இருவகையும் தைத்தால், ஒரு சந்தை தளர்ந்தாலும் மற்றொன்று தாங்கும்.

இறுதியாக, தைப்பவளின் உடல்நலம். நாற்பது வயதைக் கடந்தவர்களுக்கு வெள்ளெழுத்து வருவது இயல்பு. கண்ணாடி அணிய வெட்கப்பட்டு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு மங்கல் விளக்கில் தைத்தால் தலைவலிதான் மிஞ்சும். கண் பரிசோதனை முகாமுக்குச் சென்று கண்ணாடி பெறுங்கள். ஒரு மணி நேரத்திற்கு ஒருமுறை எழுந்து நடந்து, கழுத்தையும் தோளையும் அசைத்துக்கொள்ளுங்கள். பனிநாளில் கதவடைத்த அறைக்குள் கரிச்சட்டி மூட்டிப் படுக்க வேண்டாம்; அதிலிருந்து எழும் நச்சுக்காற்று மணமோ நிறமோ இன்றி உயிரைக் குடிக்கும்.

இன்னுமொன்று சொல்லி முடிக்கின்றேன். இவ்வாண்டு உங்கள் குழு தைக்கும் போர்வைகளில் முதலாவதை விற்க வேண்டாம். தைப்பவள் ஒவ்வொருத்தியும் முதற் போர்வையைத் தன் வீட்டுக்கே வைத்துக்கொள்ளட்டும். அதைப் போர்த்தி அவளும் அவள் பிள்ளைகளும் உறங்கட்டும். இரண்டாவது போர்வையிலிருந்து வியாபாரத்தைத் தொடங்குங்கள். தன் வீட்டுக் குளிரைத் தீர்த்துக்கொண்டவள்தான், தன் உழைப்பின் விலையைத் தலைநிமிர்ந்து கேட்பாள். அவ்வாறு கேட்கும் துணிவும், கேட்டதைப் பெறும் ஒற்றுமையும் உங்களுக்கு உண்டாகுக.